ஆர் ஃபார் ராகிக் களி!

பெங்களூருக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனப்போதான் அந்தப் பெரிய பல்பு வாங்கினேன்.

பகல் முழுக்க ஒரு கம்பெனியில் டிரான்ஸ்ஃபார்மரைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, ராத்திரி எங்க செட் பொண்ணுங்க ஏழு பேர், கொஞ்சம் கெத்தான ஒரு ரெஸ்டாரன்ட்டுக்குள் நுழைஞ்சோம். ஏ.சி. குளிர், மங்கலான லைட், கோபுரம் மாதிரி மடிச்சு வெச்ச நாப்கின். கறுப்பு கோட் போட்ட அண்ணன் ஒருத்தர் பக்கத்தில் வந்து குனிஞ்சு, ‘ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங், மேம்?’னார்.

ஏழு தலையும் என் பக்கம் திரும்புச்சு. ப்ளஸ் டூவில் இங்கிலீஷ்ல 94 வாங்கினவ நான்தானே! ஸ்பார்க்ளிங்னா மின்னுறது. நல்ல வார்த்தையாத்தானே இருக்குன்னு ‘ஸ்பார்க்ளிங்’னேன். வந்தது உப்பும் போடாத, எலுமிச்சையும் பிழியாத வெறும் சோடா. பில்லில் அதுக்குப் போட்டிருந்த ரேட்டைப் பார்த்துட்டு என் ஃப்ரெண்ட்ஸ் மூணு நாள் என்கூடப் பேசலை.

அடுத்து, ‘ஸ்டார்ட்டர்ஸ்?’னார். ஈ.இ.இ. படிக்கிற பொண்ணுக்கு ஸ்டார்ட்டர்னா ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்தான் பாஸ்! மோட்டார் ஓடத்தான் அது வேணும், மனுஷன் சாப்பிடவும் வேணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மெனு கார்டின் கடைசிப் பக்கத்தில் ‘டெசர்ட்’னு இருந்தது. ஒரு ‘எஸ்’ போட்டா பாலைவனம், ரெண்டு ‘எஸ்’ போட்டா ஐஸ்க்ரீம்... இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்க?

94 மார்க் வாங்கின இங்கிலீஷ், ஒரு டம்ளர் சாதா தண்ணி வாங்கித் தரலை. அந்த எரிச்சலோடதான் ஊருக்குத் திரும்பினேன்.

ஊர்னா ஓமலூர். சேலத்திலிருந்து ரயில்ல வந்தா தருமபுரி லைனும் மேட்டூர் டேம் லைனும் பிரியுமே, அந்த ஜங்ஷன். தமிழ் மீடியம் அரசுப் பள்ளி, 7.5 சதவிகித இட ஒதுக்கீட்டில் 2023-ல் இன்ஜினீயரிங் சீட். இதான் என் பயோடேட்டா.

2025 பிப்ரவரியில் எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப், ஓமலூர் பக்கத்திலேயே ஒரு கிராமத்தில். ஏழு நாள். காலையில் குளத்து மேட்டில் முள்ளு வெட்டணும், மத்தியானம் மரக்கன்னு நடணும், சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரைக்கும் பசங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ். ‘94 மார்க் யாரும்மா... நீதானே? நீயே டீச்சர்!’னு ப்ரோக்ராம் ஆபீஸர் முடிச்சுட்டார்.

எந்த டாபிக்? யோசிக்கவே இல்லை. சாப்பாடுதான்! நான் வாங்கின பல்பை இந்தப் பசங்க வாங்கக் கூடாதுங்கிற லட்சியம். ஓமலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் ‘ஃபுட் அண்ட் டிரிங்க்ஸ்’னு ஒரு கலர் சார்ட் வாங்கினேன். மொத்தம் 24 படம். ஆப்பிள், பிரெட், பட்டர், ஜாம், சீஸ், கேக், ஸ்ட்ராபெர்ரி...

சமுதாயக் கூடத்துத் திண்ணையில் மூணாவதிலிருந்து எட்டாவது வரைக்கும் இருபது, இருபத்தஞ்சு வாண்டுங்க. சார்ட்டை மாட்டிக் குச்சியால தொட்டா, ஊரே அதிரக் கத்தினாங்க. ஸ்ட்ராபெர்ரி வந்ததும் மட்டும் ஒரு கை உயர்ந்தது. ‘அக்கா, இது என்ன, புள்ளி வெச்ச தக்காளியா?’ சிரிச்சுட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. நானே ஸ்ட்ராபெர்ரியை ஐஸ்க்ரீம் ஃப்ளேவரா மட்டும்தான் சாப்பிட்டிருக்கேன்.

ரெண்டாவது நாள், டீச்சரம்மா அடுத்த லெவலுக்குப் போனாங்க. ‘இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க? இங்கிலீஷ்ல சொல்லணும்!’

நாலாவது படிக்கிற பையன் ஒருத்தன் துள்ளி எழுந்தான். ‘ஐ ஈட் பிரெட் அண்ட் ஜாம்!’ கைதட்டல். அடுத்தவன் பிரெட் அண்ட் பட்டர். அதுக்கடுத்தவ பிரெட் அண்ட் சீஸ். பிரெட் தொத்துவியாதி மாதிரி பரவுச்சு. அந்த ஊர்ல இருந்ததே ஒரே மளிகைக் கடை. அன்னைக்கு அங்கே இருந்தது ரெண்டே ரெண்டு பிரெட் பாக்கெட். ரெண்டையும் கேம்ப்புக்கு வாங்கிட்டு வந்தது நாங்கதான்!

கடைசி வரிசையில் ரெட்டை ஜடை போட்ட ஆறாவது படிக்கிற பொண்ணு. அவ முறை வந்தது. எழுந்து நின்னா. ‘நத்திங், அக்கா.’

பசங்க சிரிச்சாங்க. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ‘நத்திங்னு ஒத்தை வார்த்தையில சொல்லக் கூடாதும்மா. ஃபுல் சென்டன்ஸ். ஐ ஏட் நத்திங். எங்கே, சொல்லு!’

‘ஐ ஏட் நத்திங்’னா அவ, தெளிவா.

‘வெரி குட்!’னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டேன்.

ஆமாம் மக்களே... காலையில சாப்பிடலைன்னு சொன்ன ஒரு பொண்ணுகிட்ட, இலக்கணத்தைத் திருத்தி, வெரி குட் சொன்ன டீச்சர் நான்.

விஷயம் புரியவே ராத்திரி ஆயிடுச்சு. க்ளாஸ் முடிஞ்சதும் பிரெட்-ஜாம் பையனைப் பிடிச்சேன். ‘நிஜமா பிரெட்டா சாப்பிட்டே?’ ‘இல்லக்கா. பழைய சோறு, வெங்காயம். அதுக்கு இங்கிலீஷ் தெரியல. தெரிஞ்சதைச் சொன்னேன்.’ எவ்வளவு நேர்மையான பொய்!

ரெட்டை ஜடையோட தம்பி மூணாவது. அவன் கதையைச் சொன்னான். அம்மா, அப்பா ரெண்டு பேரும் கரும்பு வெட்டக் காலையில அஞ்சு மணிக்கே கிளம்பிடுவாங்க. ராத்திரிச் சோறு மீந்தா அக்கா சாப்பிடும். மீறாத நாள்ல மத்தியானம் ஸ்கூல்லதான். ‘உனக்கு?’ ‘எனக்கு ஸ்கூல்லயே காலையில உப்புமா, பொங்கல், கிச்சடி எல்லாம் போடுவாங்களே!’

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கினது. 2023 ஆகஸ்ட் 25-லிருந்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஒண்ணாவதிலிருந்து அஞ்சாவது வரைக்கும்தான் அதில் இடம். 1956-ல் காமராஜர் விரிவாக்கின மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவும் வழிவழியா வந்து பத்தாவது வரைக்கும் மத்தியானப் பசியைப் பார்த்துக்குது. ஆனா, அஞ்சாவது பாஸ் பண்ணி ஆறாவது போற அந்த ஒரே ஒரு ஜூன் மாசத்தில், காலைத் தட்டு காணாமப் போயிடுது. தம்பிக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. நம்ம ரெட்டை ஜடை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு இருந்தா.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. யோசிச்சுப் பார்த்தா, நம்ம ஊர்ல யாரைப் பார்த்தாலும் ‘சாப்பிட்டாச்சா?’ன்னுதான் கேட்கறோம். ‘ஆச்சு’ன்னு பதில் வரும். அவ்வளவுதான். என்ன சாப்பிட்டே, எத்தனை சாப்பிட்டேன்னு யாரும் தோண்டறதில்லை. சாப்பிடாதவங்களும் கௌரவமா ‘ஆச்சு’ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். நானே ஸ்கூல்ல எத்தனையோ நாள் அப்படிச் சொன்னவதான். அந்தக் கதவை இங்கிலீஷ் க்ளாஸ் சாத்திடுச்சு. ஐட்டம் பேர் சொல்லு, ஃபுல் சென்டன்ஸ்ல சொல்லுன்னு நிக்க வெச்சுடுச்சு.

மூணாவது நாள் சார்ட்டைச் சுருட்டிப் பரண்ல போட்டேன். புது ரூல்: ‘இன்னைக்கு என்ன சாப்பிட்டே?’ங்கிற கேள்வி தடை. பதிலா ஒரே கேள்வி. ‘உங்க ஊர்ல என்னவெல்லாம் விளையுது? என்னவெல்லாம் சமைக்கறாங்க?’

ஆரம்பிச்சாங்க பாருங்க! குச்சிக்கிழங்கு, ராகி, கம்பு, சோளம், நிலக்கடலை, வெல்லம், ஜவ்வரிசி, களி, கீரைக் கடைசல், தட்டுவடை செட்... போர்டுல இடம் பத்தலை. ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ் தேடினோம்.

ராகி, ஃபிங்கர் மில்லட். ‘ஏன்க்கா ஃபிங்கர்?’னு கேட்டாங்க. கையை மேலே தூக்கி விரலை லேசா மடக்கிக் காட்டினேன். ‘ஐ... ராகிக் கதிரு!’ன்னு ஒரே கூச்சல். கம்பு, பேர்ல் மில்லட். முத்து மாதிரி இருக்கறதால. ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதைச் சொன்னப்போ, ‘நம்ம களிக்கா ஐ.நா.வுல மீட்டிங் போட்டாங்க?’ன்னு ஒருத்தன் வாயைப் பிளந்தான்.

குச்சிக்கிழங்கு, டாப்பியோகா. அந்த வார்த்தை பிரேசில் பழங்குடி மக்களோடது, கிழங்கும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஜவ்வரிசி, சாகோ. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மலேயா, ஜாவா பக்கமிருந்து ஜவ்வரிசி வர்றது நின்னுபோச்சு. அப்போதான், 1943 வாக்கில், சேலத்துக்காரங்க குச்சிக்கிழங்கிலிருந்து அதைச் செய்ய ஆரம்பிச்சாங்க. 1981-ல் அதுக்குன்னே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. பாயசத்துல மிதக்கற குட்டி உருண்டைக்குள்ள ஒரு உலகப் போரே இருக்கு பாஸ்!

பழைய சோற்றுக்கு மட்டும் ஒத்தை வார்த்தை கிடைக்கலை. எல்லாரும் சேர்ந்து ஒரு வாக்கியமே கட்டினோம். பிரெட்-ஜாம் பையன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: ‘ஐ ஏட் லாஸ்ட் நைட்ஸ் ரைஸ் வித் ஆனியன்!’ சொல்லிட்டு அவனே அசந்துட்டான். ‘அக்கா, பிரெட்-ஜாமைவிட இது நீளமா இருக்கு!’

தட்டுவடை செட்டுக்கு? ‘பிட்சாவுக்கு இங்கிலீஷ்ல என்ன?’ன்னு கேட்டேன். ‘பிட்சாதான்.’ ‘அப்போ தட்டுவடை செட்டுக்கு?’ ‘தட்டுவடை செட்தான்!’ கேஸ் க்ளோஸ்டு.

இதுக்கு இங்கிலீஷ்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்க. ஏன்னா, அவங்களே நம்ம அடுப்படியிலிருந்து அள்ளிட்டுப் போனவங்கதான். கறி அங்கே ‘கரி’ ஆச்சு. மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ ஆச்சு. கஞ்சி ‘காஞ்ஜி’ ஆச்சு. மாங்காய், போர்ச்சுக்கீசியர்கள் வாய்வழியா ‘மேங்கோ’ ஆச்சு. இப்படி நம்ம நாட்டு வார்த்தைகள் இங்கிலீஷுக்குள்ள போன கதையைத் தொகுத்து, யூல், பர்னெல்னு ரெண்டு பேர் 1886-லயே ‘ஹாப்சன்-ஜாப்சன்’னு ஒரு தடிமனான அகராதி போட்டாங்க. பசங்ககிட்ட இதைச் சொன்னப்போ திண்ணையில் ஒரு கெத்து பரவினதைப் பார்க்கணுமே! கடன் கொடுத்தவன் தெனாவெட்டு அது.

நாலாவது நாள் க்ளாஸ், வெல்லக் கொட்டகையில். ஓமலூர் பக்கம் வெல்லம் காய்ச்சற வாசம் வந்தாலே வயிறு கேட்கும். கரும்பைப் பிழியறது ‘கிரஷ்’, சாறு கொதிக்கறது ‘பாயில்’, மேலே வர்ற அழுக்கை எடுக்கறது ‘ஸ்கிம்’, கிண்டறது ‘ஸ்டிர்’, ஊத்தறது ‘போர்’. வினைச்சொல் எல்லாம் கண் முன்னாடியே நடந்துச்சு. அப்பவே எண்ண முடியாத பொருளும் புரிஞ்சுது. ‘டூ ஜாக்கரி’ கிடையாது, ‘டூ லம்ப்ஸ் ஆஃப் ஜாக்கரி’தான். சூடா ஆளுக்கு ஒரு லம்ப் வாயில போட்டாச்சு. இந்த இலக்கணம் ஜென்மத்துக்கும் மறக்காது.

‘ஜாக்கரி’யும் ‘சுகர்’ரும் தூரத்துச் சொந்தம். ரெண்டுக்கும் மூலம் வடமொழி ‘சர்க்கரா’. ஒண்ணு கேரளக் கரையில் போர்ச்சுக்கீசியர்கிட்ட மாட்டி ஜாக்கரி ஆச்சு, இன்னொண்ணு பாரசீகம், அரபுன்னு சுத்தி சுகர் ஆச்சு. இதை நான் விளக்கிட்டு இருக்கும்போதே கொட்டகைப் பாட்டி டம்ளரோட வந்து, ‘டீக்கு அஸ்கா போடட்டுமா கண்ணு?’ன்னாங்க. எங்க பக்கத்துப் பெரியவங்க வெள்ளைச் சர்க்கரையை அப்படித்தான் சொல்வாங்க. அஸ்காங்கிறது ஒரு ஊர்ப் பேர். ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்தில் இருக்கு. அந்தப் பகுதி சென்னை மாகாணத்தோட இருந்த காலத்தில், அங்கேயிருந்த ஆலைச் சர்க்கரை இங்கே வந்தது. ஊர்ப் பேரே சரக்குப் பேராயிடுச்சு. வார்த்தைகளும் நம்மளை மாதிரிதான், பஸ் ஏறி ஊர் மாறிடுது.

அஞ்சாவது நாள் திண்ணை, பரோட்டா கடை ஆச்சு. ஒருத்தன் மாஸ்டர், ஒருத்தன் சர்வர், மத்தவங்க கஸ்டமர். ‘ஐ ஈட் டீ’ன்னு ஆர்டர் பண்ணினான் ஒரு கஸ்டமர். தப்பு அவன் மேல இல்லை. தமிழ்ல நாம ‘டீ சாப்பிடலாமா?’ன்னுதானே கேட்கறோம்! இங்கிலீஷ்ல ‘டிரிங்க்’. தடுமாற்றமா இருந்தா ‘ஹேவ்’ போட்டுக்கோ, எல்லாத்துக்கும் சேரும்னு ஷார்ட்-கட் கொடுத்தேன். நாமக்கல் பக்கத்துல இருந்துக்கிட்டு முட்டையை விட முடியுமா? நம்ம ‘ஹாஃப் பாயில்’ வெளிநாட்டுல ‘சன்னி சைடு அப்’. கலக்கிக்கு? அது கலக்கியேதான், விட்டுட்டோம்.

சாயங்கால க்ளாஸ்ல மூணாவது நாளிலிருந்தே கேம்ப் கிச்சன்ல ஒரு குண்டான் சுண்டல் செஞ்சு எல்லாருக்கும் கொடுத்தோம். யாருக்காகன்னு யாருக்கும் சொல்லலை. ஏழு நாள் கேம்ப்பால ஒருத்தியோட காலைப் பசி தீர்ந்துடாதுன்னு எங்களுக்கும் தெரியும்.

ரெட்டை ஜடைதான் ஆறாவது நாள் கேட்டா. ‘அக்கா, பசிக்குதுன்னு எப்படிச் சொல்றது?’ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தச் சார்ட்டில் 24 படம் இருந்துச்சு. பசிங்கிற வார்த்தை ஒரு மூலையிலகூட இல்லை. அஞ்சு நாளா நானும் சொல்லித் தரலை.

‘டு மீ ஹங்ரி’ன்னு ஆரம்பிச்சாங்க பசங்க. நமக்குப் பசி எங்கிருந்தோ ‘எனக்கு’ வரும். இங்கிலீஷ்ல நானே பசியா நிக்கணும். ‘ஐ ஆம் ஹங்ரி.’ அப்புறம் ‘கேன் ஐ ஹேவ் சம் மோர்?’, ‘ஐ ஆம் ஃபுல்.’ இந்த மூணையும் அன்னைக்கு எல்லாரும் மாத்தி மாத்திச் சொன்னோம். சாப்பாட்டு இங்கிலீஷ்ல இதான் முதல் பாடம், நான் அதைக் கடைசியில நடத்தினேன்.

ஆப்பிளே வேண்டாம்னு சொல்ல வரலை பாஸ். பரீட்சையில ஆப்பிள் வரும், பெங்களூர் மெனு கார்டுல ஸ்டார்ட்டர் வரும். எல்லாமே தெரியணும். ஆனா, முதல்ல தன் தட்டு, அப்புறம் அடுத்தவங்க தட்டு. தன் தட்டுல இருக்கறதைக் கூச்சமில்லாம சொல்லத் தெரிஞ்சவ, தெரியாத தட்டைப் பார்த்து ‘இது என்ன?’ன்னு தைரியமா கேட்பா. அன்னைக்கு நானும் ‘ஸ்பார்க்ளிங்னா என்னண்ணா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சோடாவுக்கு அழுதிருக்க வேண்டியதில்லை.

ஏழாவது நாள் நிறைவு விழா. ஊர்ப் பெரியவங்க முன்னாடி ரெட்டை ஜடை மைக் பிடிச்சா. ‘ஃபர்ஸ்ட், பாயில் தி வாட்டர். ஆட் ப்ரோக்கன் ரைஸ். ஆட் ராகி ஃப்ளார். டோன்ட் ஸ்டிர் நௌ. வெயிட். தென்... ஸ்டிர், ஸ்டிர், ஸ்டிர்!’ துடுப்பைப் பிடிச்சுச் சுத்தற மாதிரி ரெண்டு கையாலயும் ஆக்‌ஷன் வேற. கூட்டம் கைதட்டித் தீர்த்துடுச்சு.

முன் வரிசையில இருந்த அவளோட பாட்டி என்னைச் சுரண்டினாங்க. ‘என்ன கண்ணு சொல்றா?’

‘களி கிண்டற பக்குவம் சொல்றா பாட்டி.’

‘அதை எதுக்கு மைக்ல சொல்லிக்கிட்டு? ஊட்டுக்கு வா, ஆக்கியே போடறேன்!’

போனோம். அன்னைக்கு வீட்டில் எல்லாருமே இருந்தாங்க. சுடச்சுடக் களி, கீரைக் கடைசல். ரெட்டை ஜடைதான் பரிமாறினா. நான் பாதி சாப்பிட்டதும் கரண்டியோட பக்கத்தில் வந்து, பெங்களூர் அண்ணன் மாதிரியே லேசா குனிஞ்சு கேட்டா.

‘டூ யூ வான்ட் சம் மோர், அக்கா?’

வயிறு ஃபுல்தான். இருந்தாலும், ‘எஸ், ப்ளீஸ்’னேன்.